பதினாறு மிஷினுக்கு முன்னால் ஒரு பதினான்கு லட்சம்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

திருப்பூரில் பதினான்கு ஆண்டுகள் டெய்லராக வேலை பார்த்துவிட்டு, நான்கு ஆண்டுகளாகச் சொந்தமாக, பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 24 மிஷின்கள், 34 பேர். கட்டிங் முதல் பேக்கிங் வரை செய்து கொடுத்து மாதம் சுமார் 8 லட்சத்துக்குப் பில் போடுகிறேன். செலவு போக ஒரு லட்சம் நிற்கிறது என்று ஆடிட்டர் ஆபீஸில் சொல்கிறார்கள். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வாராவாரம் அலைகிறேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனம் மாதம் 16,500 பீஸ் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, 16 மிஷின் போடச் சொல்கிறது. 12 லட்சம் வங்கிக் கடனுக்கு ஏற்பாடாகிவிட்டது. டீலருக்கு 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். என் மனைவி வேண்டாம் என்கிறார். அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம். எனக்கோ இரவில் யோசிக்கத் தொடங்கினால் விடியும்வரை மனம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. தெளிவாக யோசிக்க வழி உண்டா? நான் பத்தாம் வகுப்புதான். தொழிலில் வளர எம்பிஏ மாதிரி ஏதாவது படிக்க வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதனுடன் நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்கக் கணக்கை அதைவிட அதிக முறை படித்தேன். ஒரு டிசர்ட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது, பில் போட்டு எத்தனை நாள் கழித்துப் பணம் வருகிறது என்றெல்லாம் கையால் எழுதிவைத்திருக்கும் ஒருவருக்கு யோசிக்கத் தெரியவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆர்டரை ஏற்கலாமா, மிஷின் வாங்கலாமா, கடன் எடுக்கலாமா, மனைவியின் பேச்சைக் கேட்கலாமா, மேலே படிக்கலாமா என்ற ஐந்து கேள்விகளும் இரவில் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் உங்கள் மனம் சுற்றுகிறது. இவற்றுள் பணம் பற்றிய கேள்வியை மட்டும் முதலில் பிரித்து எடுத்துக்கொள்கிறேன். அது ஒழுங்கானால் மற்றவற்றில் பாதி தாமாகவே விலகிக்கொள்ளும்.

மாதம் 8 லட்சம் பில். சம்பளம், இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் சேர்த்து 5.6 லட்சம், வாடகை, மின்சாரம், நூல், ஊசி, ரிப்பேர், வேன் வாடகை ஆகியவற்றுக்கு 1.4 லட்சம், மீதி ஒரு லட்சம். ஆடிட்டர் ஆபீஸ் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த ஒரு லட்சத்தில் இன்னும் சிலருக்குப் பங்கு இருக்கிறது. நகைக் கடன் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய 5 லட்சத்துக்கான வட்டியும் சேர்ந்து மாதம் 16,000 ரூபாய் ஆகின்றன. 24 மிஷின்களுக்குச் சராசரியாக 45,000 ரூபாய் என்று வைத்து, ஆறு ஆண்டுகளில் அவை தேய்ந்துவிடும் என்று கொண்டால், மாதம் 15,000 ரூபாய் தேய்மானம். நீங்கள் காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது வரை நின்று பார்க்கும் வேலையை வேறொரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பொறுப்பாளராகப் பார்த்தால் 35,000 ரூபாயாவது கேட்பீர்கள். கணக்கு எழுதி, சம்பளக் கவர் போட்டு, வங்கிக்கும் போய்வரும் உங்கள் மனைவிக்கு 15,000 ரூபாய் என்று வைப்பதுகூடக் குறைவுதான். இவையெல்லாம் போனால் நிற்பது 19,000 ரூபாய். தொழில் என்ற முறையில் உங்கள் யூனிட் உங்களுக்குத் தருவது இவ்வளவே. மற்றதெல்லாம் உங்கள் இருவரின் கூலி.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக அல்ல. ஒரு லட்சம் லாபம் தரும் தொழிலைப் பெரிதாக்குவதும், 19,000 ரூபாய் லாபம் தரும் தொழிலைப் பெரிதாக்குவதும் வேறுவேறு முடிவுகள் என்பதற்காகச் சொல்கிறேன். இத்தனை நாள் நீங்கள் முதலாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முன்னால் இருப்பது இரண்டாவது.

இனி, அந்த லாபம்கூட ஏன் கையில் தங்குவதில்லை என்பதைப் பார்க்கலாம். பில் போட்டு 80 நாள் கழித்துப் பணம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் 21 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். அதில் உங்கள் கையிலிருந்து சம்பளமாகவும் நூலாகவும் வாடகையாகவும் ஏற்கெனவே போனது ஏறத்தாழ 18.7 லட்சம். இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. வசூலாகாத பில்லுக்கான வரியையும் அடுத்த மாதமே கட்டிவிடுகிறீர்கள். வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரில், எண்பது நாள் கழித்துப் பணம் வாங்கும் ஒருவர், உண்மையில் தைத்துக் கொடுப்பதோடு தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மனைவியின் நகை அடகுக் கடையில் இருப்பதற்கும், ஏற்றுமதியாளரின் நடப்புக் கணக்கில் பணம் இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இப்போது அந்தப் பதினாறு மிஷின்களுக்கு வருவோம். 16,500 பீஸ், பீஸுக்கு 32 ரூபாய் என்றால் மாதம் சுமார் 5.3 லட்சம் கூடுதல் பில். கூடுதல் ஆள், மின்சாரம், நூல் ஆகியவற்றுக்கு 4.5 லட்சம் ஆகும் என்று நீங்களே கணித்திருக்கிறீர்கள். அது நியாயமான கணிப்புதான். மிச்சம் 80,000 ரூபாய், ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 26,000 ரூபாய், ஆகவே 54,000 ரூபாய் நிற்கும் என்று முடித்து, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு கோட்டுக்குக் கீழேதான் விட்டுப்போன விஷயம் இருக்கிறது. புதிய லைன், அதாவது புதிய மிஷின் வரிசை, ஓடத் தொடங்கிய நாளிலிருந்து முதல் பில்லுக்கான பணம் வந்து சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை மாதம் 4.5 லட்சம் வீதம் 13.5 லட்சமும், மூன்று தவணைகளும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். மொத்தம் 14 லட்சத்துக்கு மேல். வங்கி தரும் 12 லட்சம் மிஷினுக்கே சரியாகிவிடும். இந்தப் பதினான்கு லட்சம் உங்கள் கணக்கில் எந்த வரியிலும் இல்லை. அதுவும் ஒருமுறை போட்டு எடுத்துவிடக்கூடிய பணமல்ல. அந்த லைன் ஓடும்வரை உள்ளேயே கிடக்கும் பணம்.

அடகு வைக்க இனி நகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே அது இரண்டு ரூபாய் வட்டிக்குத்தான் வரும். மாதம் 28,000 ரூபாய். நீங்கள் கண்ட 54,000 ரூபாய் 26,000 ஆகிவிட்டது. இதற்குப் பிறகு பீஸ் ரேட்டில் ஐந்து சதவீதம் குறைத்தாலோ, கடந்த ஆண்டு ஒரு லாட்டில் குறை சொல்லி 1.4 லட்சம் டெபிட் போட்டு பில்லில் பிடித்துக்கொண்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது போல் ஆண்டுக்கு இரண்டு நடந்தாலோ, அந்த 26,000-மும் ஏறத்தாழ முழுதாகப் போய்விடும். நாற்பது மிஷின்களையும் ஐம்பத்தைந்து பேரையும் கட்டி மேய்த்து, 26 லட்சம் புதிய கடனைச் சுமந்து, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் நிலை அது.

இவ்வளவு எளிய கணக்கை நீங்கள் ஏன் போடவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்விக்கான பதில் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் இந்த ஆர்டரைப் பற்றி மட்டும் பதினொரு வாக்கியங்கள் இருக்கின்றன. மூன்று வண்ணப் பேனாக்களை எடுத்துக்கொண்டு, நீங்களே அளந்து அறிந்ததை ஒரு நிறத்திலும், பிறர் சொல்லிக் கேட்டதை இன்னொரு நிறத்திலும், நடக்க வேண்டும் என்று விரும்புவதை மூன்றாவது நிறத்திலும் கோடிட்டேன். அளந்தது மூன்று, கேட்டது ஐந்து, விரும்பியது மூன்று. "இனிமேல் ஆர்டர் குறையவே குறையாது" என்பது அந்த நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொன்னது. "40 மிஷின் இருந்தால்தான் நம்மை மதிப்பார்கள்" என்பது உங்கள் ஆசை. மூன்றும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து வரும்போது எழுதியவருக்கே வித்தியாசம் தெரியாது. இதே பயிற்சியை நீங்கள் செய்து பாருங்கள். பேனாவுக்கு ஆகும் முப்பது ரூபாயைத் தவிர வேறு செலவில்லை.

மெர்ச்சண்டைசர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது இந்த சீசன் மட்டும்தான். உங்கள் தவணையோ அறுபது மாதம். அறுபது மாதத்தில் திருப்பூரில் என்ன நடக்கும் என்பதை அவரிடம் கேட்பதைவிட, இதற்கு முன் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகி, ரொக்கமாக வாரச் சம்பளம் கொடுத்துவந்த யூனிட்டுகள் திணறின. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. முன்பே விலை பேசி ஆர்டர் எடுத்திருந்தவர்கள் அந்த நட்டத்தின் ஒரு பகுதியைக் கீழே ஜாப் ஒர்க் ரேட்டில் இறக்கினார்கள். 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது விதித்த வரி 50 சதவீதமானது. நம் ஆயத்த ஆடைக்கு மிகப் பெரிய சந்தை அதுதான். பதினைந்து ஆண்டுகளில் ஐந்து அடிகள். அடுத்தது எது, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாண்டுத் தவணைக்குள் ஒன்றாவது வரும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் போடுவதே நியாயம். வேலை இரண்டு மாதம் நின்றால் 40 மிஷின் யூனிட் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு உங்கள் கணக்கில் ஒரு வரி வேண்டும்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் செலவுக் கணக்காளராகத் தொழில் செய்யும் நான், பிறர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பாதிப்பவன், 2019-ஆம் ஆண்டின் கடைசியில் அலுவலகத்தை மூன்று மடங்கு பெரிய இடத்துக்கு மாற்றினேன். நான்கு மாதத்தில் ஊரடங்கு வந்தது. காலி நாற்காலிகளுக்கு வாடகை கட்டிவிட்டு, கொரோனாவால் கெட்டேன் என்று இரண்டு ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, கொரோனா வராமலிருந்தாலும் அந்த வாடகை எனக்குக் கட்டுபடியாகியிருக்காது என்பது தெரிந்தது. புதிதாக ஆறு வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று நம்பியிருந்தேன். யார் அந்த ஆறு பேர் என்று ஒரு பெயரைக்கூட எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை. முடிவெடுத்த நாளில் என்ன நினைத்தேன் என்பதற்குச் சாட்சி இல்லாததால், துரதிருஷ்டத்தையும் என் தவறையும் பிரித்துப் பார்க்கவே இரண்டு ஆண்டுகள் ஆகின.

அதற்குப் பிறகு நான் ஒரு சாதாரண நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் எந்த முடிவானாலும், எடுக்கும் முன் அதில் அரைப் பக்கம் எழுதுகிறேன்: என்ன செய்யப்போகிறேன், ஏன், எந்தத் தேதிக்குள் எந்த எண் வர வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். முடிவெடுக்கும் முன் நிறுத்தும் எண்ணை எழுதுவது எளிது. பணம் போட்ட பிறகு மனம் அந்த எண்ணைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போகும். நீங்கள் எழுதினால், "பணம் வரும் நாள் 60-ஐத் தாண்டினால் புதிய லாட் எடுக்க மாட்டேன்" என்பது போல் எழுதுவீர்கள். நான் உங்களுக்குப் பரிந்துரைக்கும் படிப்பில் முதல் பாடம் இந்த நோட்டுதான்.

அடுத்து, உங்கள் மனைவி. அவர் சொல்வதை ஒரே வரியில், பயம் என்று தள்ளிவிட்டீர்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முப்பத்துநான்கு பேருக்குக் கவர் போட்டுக்கொண்டு, இன்னும் பதினெட்டாயிரம் குறைகிறது என்று உங்களுக்குப் போன் செய்பவர் அவர்தான். அந்தப் பதினான்கு லட்சத்தை அவர் எண்ணாகச் சொல்லவில்லை; ஆனால் ஒவ்வொரு வாரமும் அதன் சிறிய வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு லைன் தெரியும், அவருக்குப் பணம் தெரியும். இரண்டு ஆண்டுகள் கழித்து இந்த யூனிட்டை மூடிவிட்டோம் என்று வைத்துக்கொண்டு, ஏன் மூட வேண்டிவந்தது என்பதை ஒரு தாளில் எழுதித் தருமாறு அவரிடம் கேளுங்கள். அதையே உங்கள் மூத்த டெய்லரிடமும், உங்கள் மிஷின்களைப் பார்க்கும் மெக்கானிக்கிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் முதலில் உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால், முதலாளிக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். எனவே கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இது சரியாக வருமா என்று கேட்டால் வாழ்த்துவார்கள். கெட்டுப்போயிற்று, காரணம் சொல்லுங்கள் என்று கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். மூவரும் தனித்தனியாக ஒரே காரணத்தை எழுதினால், அதைத் தீர்க்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

அப்படியானால் ஆர்டரை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உங்கள் இரண்டாம் பக்கக் கணக்கில் நீங்களே கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. 24 மிஷின்கள், 480 நிமிட ஷிப்ட் என்றால் ஒரு நாளைக்கு 11,520 தையல் நிமிடங்கள். ஒரு டிசர்ட்டுக்கு ஏழு நிமிடம், ஒரு நாளைக்கு 950 பீஸ் என்றால் 6,650 நிமிடங்கள்தான் துணியில் இறங்கியிருக்கின்றன; அதாவது 58 சதவீதம். மீதி 42 சதவீதத்துக்கும் நீங்கள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நூறு சதவீதம் எங்கும் நடக்காது; அதைக் கனவிலும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 58-ஐ 68 ஆக்கினாலே ஒரு நாளைக்கு 1,119 பீஸ் வரும். மாதத்துக்குச் சுமார் 4,400 பீஸ் கூடுதல், 1.4 லட்சம் ரூபாய் கூடுதல் பில். ஷிப்ட் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் நூலும் பாலிதீன் கவரும் கொஞ்சம் மின்சாரமும் போக, ஒரு லட்சத்துக்கு மேல் அப்படியே நிற்கும். பதினாறு மிஷினும் 26 லட்சம் கடனும் தருவது 26,000. இருக்கும் மிஷின்களை ஒழுங்காக ஓட்டுவது தருவது அதைப் போல் நான்கு மடங்கு.

டெய்லர்கள் சரியாக வேலை செய்வதில்லை என்று இதற்கு உடனே ஒரு பதில் உங்களுக்குத் தோன்றும். பதினான்கு ஆண்டுகள் நீங்களும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர். கட்டிங்கிலிருந்து பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டு, வராமல் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். லைனின் தலைப்பில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, இரண்டு வாரம், மிஷின் பத்து நிமிடத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறிக்கச் செய்யுங்கள். பண்டில் வரவில்லை, நூல் கலர் மாற்றம், ரிப்பேர், ஆள் வரவில்லை, ஆல்ட்ரேஷன், ஸ்டைல் மாற்றம் என்று ஐந்தாறு காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நான் பார்த்த யூனிட்டுகள் பலவற்றில் பெரும்பகுதி நேரத்தை ஒன்றிரண்டு காரணங்களே தின்றன. அவை பெரும்பாலும் மிஷினுக்கு முந்தைய இடத்தில், கட்டிங் டேபிளிலும், லேபிள், பட்டன் போன்ற ட்ரிம்ஸ் வந்துசேரும் நேரத்திலும் இருந்தன. தயவுசெய்து அந்தச் சிலேட்டை வைத்து யாரையும் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால் மறுநாள் முதல் பொய் எழுதுவார்கள்.

பணம் வரும் நாளைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் கண்ட தேதியிலும், எப்படியிருந்தாலும் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு இதற்கு இன்னும் பல் வைத்தது: அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டுவரை, வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் ஏற்றுமதியாளரின் ஆடிட்டர் ஒவ்வொரு மார்ச் மாதமும் கவலைப்படும் விஷயம் இது. ஆனால் குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உங்களிடம் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. உங்கள் கணக்கில் அந்த எண்ணை எங்கும் காணவில்லை. பதிவு இணையத்திலேயே இலவசம். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், 2.5 கோடி வரை முதலீடும் 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ளவை குறு நிறுவனங்கள். நீங்கள் அதற்குள் வசதியாக அடங்குகிறீர்கள். எண் வந்ததும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக நாளையே புகார் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பில்லில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. புகார் கொடுத்த மாதத்தில் வேலை பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் இன்று ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அவர்களே கூடுதல் வேலையுடன் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். பணம் தரும் கெடு பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. அவர்களிடம், மெர்ச்சண்டைசரிடம் அல்லாமல் கணக்குப் பிரிவிலும் உரிமையாளரிடமும், இப்படிக் கேளுங்கள்: புதிய மிஷின் போடாமல் மாதம் 4,000 பீஸ் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன், பழையது, புதியது எல்லா பில்லுக்கும் 45 நாளில் பணம் என்று ஆர்டரிலேயே எழுதித் தாருங்கள், டெபிட் போடுவதாக இருந்தால் சரக்கு இறங்கிய பத்து நாளுக்குள் பீஸைக் காட்டிப் போடுங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனியாக இருந்தால், ட்ரெட்ஸ் (TReDS) என்ற, பில்களைத் தள்ளுபடிக்குக் கொடுக்கும் இணையத் தளத்தில் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் வழியாக உங்கள் பில்லை வங்கியிடம் தள்ளுபடிக்குக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாமா என்றும் கேட்டுவையுங்கள்.

நாற்பத்தைந்துக்கு ஒப்புக்கொண்டு ஐம்பதாவது நாளில்தான் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 80 நாள் 50 ஆனால், இன்றைய பில் அளவுக்கே ஒரு மாத விற்பனை, அதாவது 8 லட்சம், உங்கள் கைக்குத் திரும்பும். அதில் முதல் வேலையாக இரண்டு ரூபாய் வட்டிக் கடன் ஐந்து லட்சத்தை அடைத்துவிடுங்கள். மாதம் 10,000 ரூபாய் அன்றே மிச்சம். மீதி மூன்று லட்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் அதில் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் காசோலைப் புத்தகம் உங்கள் மனைவியிடம் இருக்கட்டும். ஆறு மாதம் இப்படி ஓடி, லைன் 68 சதவீதத்தைத் தொட்டு, பணமும் சொன்ன தேதியில் வந்தால், அப்போது நான்கு மிஷினை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாடகை மிஷினை வேலை இல்லாதபோது திருப்பிக் கொடுக்கலாம். சொந்த மிஷினின் தவணையைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அவர்கள் 16,500 பீஸும் எடுத்தால்தான் உண்டு, பணம் தரும் கெடுவில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால், மறுத்துவிடுங்கள். பழைய ஆர்டரும் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும்வரை அந்த அச்சம் எந்த முடிவெடுத்தாலும் இருக்கத்தான் செய்யும். மாதத்துக்கு இரண்டு அரை நாள் ஒதுக்கி, உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் ஒன்றிரண்டு நிறுவனங்களையாவது நேரில் பார்த்து வாருங்கள். ரேட் குறைவாகச் சொன்னாலும் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். 30 ரூபாயை இருபது நாளில் கொடுப்பவரையும், 32 ரூபாயை எண்பது நாளில் கொடுப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வட்டியையும் டெபிட்டையும் கழித்துப் பாருங்கள். சில மாதங்களில் விடை உங்களையே வியக்க வைக்கும்.

படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்பிஏவுக்கு முன் ஒரு பட்டம் வேண்டும்; பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் பல ஆண்டுகள் ஆகும். படிக்கும் ஆசை இருந்தால் அதற்காகவே படியுங்கள், நல்லதுதான். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது மருந்தாகாது. உங்களுக்கு இப்போது வேண்டியவை ஒரு பீஸின் அடக்கவிலையைத் தாளில் போடக் கற்பது, அடுத்த பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கான வரவு செலவை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்பது, ஆர்டர் தாளில் உள்ள ஆங்கில நிபந்தனைகளைப் பிறர் உதவியின்றிப் படிப்பது. முதல் இரண்டையும் மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். மூன்றாவதற்கு, கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளிடம் வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளையிடம் கற்க வெட்கப்படாதீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். லைனில் நூல் அறுந்தாலும் நீங்கள்தான் ஓடுகிறீர்கள். நூல் கடைக்கும் நீங்கள்தான் போகிறீர்கள். மூத்த டெய்லரைச் சூப்பர்வைசர் ஆக்கி மாதம் 5,000 ரூபாய் கூட்டிக் கொடுத்து, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை லைனை முழுக்க அவரிடம் விடுங்கள். முதல் மாதம் அவர் தவறு செய்வார்; தலையிடாமல் இருப்பது உங்களுக்குப் பெரிய வேதனையாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் யூனிட்டுக்குள் உட்காராதீர்கள். சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவீர்கள். வீட்டிலோ, பக்கத்துப் பேக்கரியிலோ நோட்டுடன் உட்காருங்கள். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் போடும் கணக்கைக் காலை பத்து மணிக்குத் தாளில் போட்டால் போதும். தூக்கத்தைப் பற்றித் தனியாக நான் ஆலோசனை சொல்ல வேண்டியிருக்காது.

கடைசியாக, டீலரிடம் கொடுத்த 50,000 ரூபாய். முன்பணம் கொடுத்துவிட்டேன், இனி எப்படிப் பின்வாங்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பணம் இப்போது உங்களிடம் இல்லை. எனவே வாங்கலாமா என்ற கணக்கில் அதற்கு இடம் கிடையாது. டீலரை நேரில் பாருங்கள். பெரிய ஆர்டரை ஆறு மாதம் தள்ளிவைப்பதாகச் சொல்லி, அந்தத் தொகையை ஊசி, ஃபோல்டர், ஸ்பேர் பார்ட்ஸ் என்று உங்களுக்கு எப்படியும் தேவைப்படும் பொருட்களாகக் கழித்துக்கொள்ள முடியுமா, அல்லது பின்னால் எடுக்கப்போகும் வாடகை மிஷினுக்கு வரவு வைப்பாரா என்று கேளுங்கள். தொழிலில் நாளையும் உங்களைப் பார்க்க வேண்டியவர் என்பதால் பாதிக்காவது ஒப்புக்கொள்ளக்கூடும். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த 50,000 ரூபாயை இந்த மாதச் செலவில் ஒரு வரியாக எழுதும்படி உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு, சிலேட்டு வாங்கப் போங்கள்.